அறுபத்தொன்றும் நூற்று முப்பத்தெட்டும்

வாஷிங் மெஷின் பழுதுபார்க்கும் அந்தக் கடையில் அவளை எல்லோரும் டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். மூடியில் கை வைத்து, சுற்றும் சத்தத்தைக் கேட்டே, போனது பேரிங்கா பெல்ட்டா என்று சொல்லிவிடுவாள். எழுத்து மட்டும் நாற்பத்தொரு வயதாகியும் பிடிபடவில்லை. வரியின் கடைசிக்கு வருவதற்குள் முதல் சொல் நழுவிவிடும்.

இனி ஒவ்வொரு வேலைக்கும் அறிக்கை எழுதித் தர வேண்டும் என்று கடையில் உத்தரவு வந்தது. மேனேஜர் நல்ல மனிதர். "இது டிஸ்லெக்ஸியாவா இருக்கும்மா, எழுத்து வாசிப்பு மட்டும் பிடிபடாத கோளாறு. டெஸ்ட் எடுத்து சர்டிபிகேட் வாங்கிட்டா, நீங்க பேசியே ரெக்கார்ட் பண்ணிக் கொடுத்துடலாம்" என்று சோதனை மையத்துக்கு அனுப்பினார்.

அங்கே ஐ.க்யூ. பார்க்கும் நுண்ணறிவுத் தேர்வு என்று பன்னிரண்டு பக்கக் கேள்வித்தாளை நீட்டினார்கள். அவள் மூன்றாம் பக்கத்தில் இருக்கும்போதே மணி அடித்துவிட்டது. பத்து நாளில் வந்த கடிதத்தை, முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் கணவர் வாசித்துக் காட்டினார்: அறிவு அறுபத்தொன்று. வாசிப்பும் அதற்கு ஏற்றாற்போலக் குறைவாகவே இருக்கிறது. எனவே டிஸ்லெக்ஸியா இல்லை.

"பதினஞ்சு வருஷமா ஒரு சண்டையில கூட உன்னை ஜெயிச்சதில்ல. அப்போ எனக்கு எத்தனை மார்க் போடுவாங்க?" என்றார்.

அவள் சிரிக்கவில்லை. மக்கு என்று பள்ளியில் பின்வரிசைக்குத் தள்ளியதை இப்போது முத்திரை குத்தி அனுப்பியது போலிருந்தது.

மேனேஜர் மல்லுக்கட்டி இன்னொரு தேர்வுக்கு ஏற்பாடு செய்தார். இந்த முறை கட்டைகளும் படங்களும். நேரம் மிச்சமிருந்ததால், மையத்தில் நின்றுபோயிருந்த சுவர்க் கடிகாரத்தையும் கழற்றி ஓடவிட்டு வந்தாள். மதிப்பெண் நூற்று முப்பத்தெட்டு. கடிதம் சொன்னது: இவ்வளவு அறிவுள்ளவர் தாமே சமாளித்துக்கொள்வார். உதவி தேவையில்லை. ஆட்சேபம் இருந்தால் தம் கைப்பட எழுதி அனுப்பவும்.

மூன்று நாள் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினாள். கணவரைத் திருத்தவே விடவில்லை.

மையத்து அதிகாரி போன் செய்தார். "அம்மா, உங்க லெட்டரை நாலு பேர் சேர்ந்து பார்த்தோம். ஒரு வரிகூட புரியல. என்னதான் எழுதியிருக்கீங்க?"

"எனக்கு எழுத வராதுன்னு எழுதியிருக்கேன் சார்."

அதிகாரி தணிந்த குரலில், "அறிவு எவ்வளவா இருந்தாலும் டிஸ்லெக்ஸியா வரலாம்மா. நம்பரைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கினது எங்க தப்பு" என்றார்.

போனை வைத்துவிட்டு அவள் சற்று நேரம் அழுதாள். சர்டிபிகேட் பொடி எழுத்தில் வந்தது.

இப்போது அவளுடைய அறிக்கைகள் ஒவ்வொன்றும் நாற்பது நிமிடம் ஓடுகின்றன. மெஷினோடு, அது வந்த வீட்டு மாமியார் மருமகள் சங்கதியும் சேர்ந்தே வரும். மேனேஜர் ஒருநாள் தயங்கித் தயங்கி, "கொஞ்சம் சுருக்கமா பேசலாமேம்மா" என்றார்.

"அதுக்குத் தனியா டெஸ்ட் இருக்கா சார்?" என்று கேட்டாள்.