பொருத்தம் பார்க்கையில் அணைந்த கம்ப்யூட்டர்

ஆவுடையார்கோவிலில் சோசியம் பார்க்கிறவர்கள் நாலைந்து பேர் உண்டு. கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுக்கிறவர் சிவசாமி ஒருவர்தான். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். பஞ்சாங்கத்தைப் புரட்டி, விரல்விட்டு எண்ணிக் கட்டம் போட்ட காலத்தில் அவரைத் தேடி வந்தவர்கள் குறைவு. முன்னறையில் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வந்த பிறகு ஜனம் வரத் தொடங்கியது. அதே மனிதர், அதே கணக்கு. ஆனால் கட்டம் கலர் கலராகக் காகிதத்தில் வந்து விழுந்தால் அதன் மரியாதையே தனி. இதில் சிவசாமிக்கு மனத்தாங்கல் ஏதும் இல்லை. ஜனம் எதை நம்புகிறதோ அதில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போவோமே என்பார்.

அந்தப் பெட்டியை அவர் வெறும் பெட்டியாக நினைத்ததே கிடையாது. காலையில் குளித்துவிட்டு வந்து, அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மேலே ஒரு சிட்டிகை திருநீறு தூவிவிட்டுத்தான் பட்டனை அமுக்குவார். வெள்ளிக்கிழமையானால் சாம்பிராணி. பெட்டியின் பக்கவாட்டில் சல்லடை மாதிரி ஓட்டைகள் இருக்குமே, அங்கே தூபக்காலைப் பிடித்தால் புகை விறுவிறுவென்று உள்ளே போகும். "பாத்தியா மீனா, மூச்சிழுத்து வாங்குது பாரு" என்று மனைவி மீனம்மாளைக் கூப்பிட்டுக் காட்டுவார். அவருக்கு உடம்பு சிலிர்த்துவிடும்.

மார்கழி முழுக்கப் பொருத்தம் பார்க்க ஒருவரும் வரவில்லை. தை பிறந்ததும் முதல் ஆளாக இருளாயி வந்தாள். பஸ் ஸ்டாண்டு பக்கம் இட்லிக்கடை வைத்திருக்கிறவள், ஒரே மகள் இலக்கியா. இலக்கியா அறந்தாங்கியில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அங்கே லேபில் வேலை பார்க்கும் வசந்தகுமாருக்கும் அவளுக்கும் பிடித்துப்போய், பையன் வீட்டிலிருந்தே முறையாகக் கேட்டுவிட்டார்கள். இருளாயிக்கும் சம்மதம்தான். பொருத்தம் மட்டும் இருந்துவிட்டால் போதும் என்று மகளையும் கூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

இருவருடைய பெயர், ஊர், பிறந்த நேரம் எல்லாம் போட்டு முடித்து, பொருத்தம் என்ற இடத்தை அமுக்கினார் சிவசாமி. பட்டென்று கம்ப்யூட்டர் அணைந்துவிட்டது. திரும்பப் போட்டார். அணைந்தது. மூன்றாவது தடவை பெயரைக்கூட முழுதாகப் போட விடவில்லை. இலக்கியாவின் முகம் செத்துப்போனது.

"போதும்ண்ணே" என்று இருளாயி எழுந்தாள். "இந்த எடம் நமக்கு வேணாம்."

"இரு தங்கச்சி, கையில போட்டுப் பாத்துர்றேன்."

"நீங்க மனுசன்ண்ணே. புள்ள மொகத்தப் பாத்து மனசு எரங்கிப் பொருத்தம்னு சொல்லிப்புடுவீங்க. கம்ப்யூட்டருக்கு வேண்டியவுக வேண்டாதவுக உண்டா? அதுவே வேணாம்னு நின்னுருச்சே!"

மறுநாளே செய்தி பரவிவிட்டது. மீமிசலிலிருந்து ஒருவர் பஸ் ஏறி வந்து, "ஒத்துவராத சோடின்னா ஒங்க கம்ப்யூட்டரே நின்னுருமாமே, சோசியரே?" என்று பயபக்தியோடு கேட்டார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். இருந்தாலும் சிவசாமிக்கு உள்ளுக்குள் இனிக்கத்தான் செய்தது. இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வாங்க என்று அனுப்பிவைத்தார்.

சாயங்காலம் இலக்கியா தனியாக வந்தாள்.

"மாமா, ஞாயித்துக்கெழம அவங்க வீட்டுக்குப் போன் போட்டு வேணாம்னு சொல்லப் போகுது அம்மா. நெசமாவே அது சகுனமா? நீங்க ஆமான்னா நான் அழுதுட்டு விட்டுர்றேன். சொல்லுங்க."

மெல்லவும் முடியவில்லை, முழுங்கவும் முடியவில்லை சிவசாமிக்கு. மிஷின் பழுது என்றால், இத்தனை நாள் போட்டுக் கொடுத்ததெல்லாம் என்ன லட்சணம் என்று ஊர் கேட்கும். பேசாமல் இருந்தால் பேரும் புகழும் தானாக வரும், இந்தப் பிள்ளையின் கல்யாணம் போகும். "பாத்துச் சொல்றேன்த்தா" என்று மட்டும் சொன்னார். அவள் போனபிறகு அவருக்குத் தன்மேலேயே வெறுப்பாக வந்தது.

பிளக்கை வேறு பாயிண்டில் மாற்றிப் பார்த்தார். பின்னால் இருந்த வயர்களையெல்லாம் அழுத்திச் செருகினார். யூபிஎஸ்ஸைக் கழற்றிவிட்டு நேராகக் கரண்டு கொடுத்தார். என்ன செய்தும், வசந்தகுமார் இலக்கியா என்று போட்டால் அணைந்தது. சகுனம்தானோ என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. சரி, தெரிந்த சோடி ஒன்றைப் போட்டுப் பார்ப்போம் என்று கொஞ்ச நேரம் ஆறவிட்டு, தன் ஜாதகத்தையும் மீனம்மாள் ஜாதகத்தையும் போட்டார். ஒன்பது பொருத்தம் என்று பெரியவர்கள் பார்த்துக் கட்டிவைத்த கல்யாணம். பொருத்தத்தை அமுக்கினார். பட்டென்று அணைந்தது.

இஞ்சி தின்ற குரங்கு மாதிரி உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து மீனம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"இம்புட்டு வருசங் கழிச்சுல்ல சொல்லுது! மொதல்லயே சொல்லியிருந்தா எங்கப்பாவுக்குப் பந்தச் செலவு மிச்சமாயிருக்குமேங்க."

சிரித்துக்கொண்டே பெட்டியின்மேல் கை வைத்தவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். தோசைக்கல்லாகச் சுட்டது. உடனே கம்ப்யூட்டர் விற்ற அறந்தாங்கிக் கடைக்காரருக்குப் போன் போட்டார் சிவசாமி.

"சூடு ஏறுனா தன்னக் காப்பாத்திக்க அதுவே ஆஃப் ஆயிக்கிரும் சார். கரண்டப் புடுங்கிட்டு, சைடு மூடியத் தொறந்து ஃபேனப் பாருங்க" என்றார் அவர்.

திறந்தார். உள்ளே ஃபேன் இருந்த இடமே தெரியவில்லை. சாம்பிராணிப் புகையும் திருநீறும் தூசியும் சேர்ந்து கம்பளியாக அப்பிக் கிடந்தது. ஒரு ஜாதகம் என்றால் சூடேறுவதற்குள் முடிந்துவிடும். இரண்டு ஜாதகம் போட்டு முடிக்கிறபோது அதற்கு மூச்சு முட்டிவிடும். கும்பிட்டுக் கும்பிட்டே கழுத்தை நெரித்திருக்கிறோமே என்று வெட்கமாகப் போயிற்று சிவசாமிக்கு. பெயிண்ட் பிரஷ்ஷால் மெதுவாகத் துடைத்து எடுத்தார். மாட்டிப் போட்டபோது காற்று ஜில்லென்று வந்தது. எத்தனை சோடி போட்டும் அணையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் இருளாயியையும் மகளையும் வரச்சொன்னார். மீமிசல்காரரும் சொன்னபடி வந்து உட்கார்ந்திருந்தார். அவர் காதுபடவே நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார் சிவசாமி. சொல்லிக்கொண்டே பொருத்தத்தையும் போட்டார். பத்துக்கு எட்டு வந்தது.

இருளாயி காகிதத்தைத் தொடவில்லை. "இன்னைக்கு ஓடுது, சரி. அன்னைக்கு எம்மவளுக்கு மட்டும் ஏன் நின்னுச்சு?"

"ஒம்மவளுக்கு மட்டும் இல்ல தங்கச்சி. எனக்கும் மீனாவுக்கும் போட்டேன். அதுக்கும் நின்னுச்சு."

இருளாயி அடுப்படிப் பக்கம் திரும்பினாள். மீனம்மாள் காப்பித் தட்டோடு வந்துகொண்டிருந்தாள்.

"மதினி, ஒளிக்காமச் சொல்லுங்க. அண்ணனோட நல்லாத்தான் இருக்கீங்களா?"

சிவசாமிக்குத் திக்கென்றது. இத்தனை வருஷத்தில் அவர் அதைக் கேட்டதே இல்லை. மீனம்மாள் தட்டைக் கீழே வைத்தாள்.

"நல்லாத்தான் இருக்கேன். வேற எங்கிட்டு வாக்கப்பட்டிருந்தாலும் இம்புட்டு நல்லா இருந்திருப்பேனான்னு தெரியல."

இருளாயி காகிதத்தை எடுத்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு மகளிடம், "அவுக வீட்டு நம்பரப் போடு. என்னைக்குப் பூ வைக்க வாராகன்னு கேப்போம்" என்றாள். இலக்கியா அழுதுகொண்டே போனை எடுத்தாள்.

மீமிசல்காரர் தன் மகள் ஜாதகத்தை நீட்டி, "சோசியரே, சோசியரே" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். சிவசாமி காதில் விழவில்லை. மீனம்மாளை இன்னொரு தடவை அதைச் சொல்லச் சொல்லிக் கேட்கலாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தார்.