கொட்டியாரக் குடாவில் என் மகள் குடித்த பால்

என் மகளுக்குப் பால் பருக்கத் தொடங்கினால் நாங்கள் அவளுடைய வாயைப் பார்ப்பதில்லை, மூக்கைப் பார்ப்போம். வாயில் விட்ட பால் மூக்கால் வரும். அது பயம். மூக்கால் வராவிட்டால் அதைவிடப் பெரிய பயம், ஏனென்றால் அப்போது பால் எங்கே போகிறது என்று தெரியாது.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. நான் மூதூரில் காரியாதிகாரி கந்தோரில், அரசாங்க அலுவலகத்தில், எழுதுவினைஞனாக இருந்தேன். கலியாணமாகி வெகுகாலம் காத்திருந்தபின் கர்த்தர் எங்களுக்குத் தந்த ஒரே பிள்ளை அருள்மலர். பிறந்தபோதே மேலுதடு மூக்குவரை பிளந்திருந்தது. அழுவதற்கு வாயைத் திறந்தபோது உள்ளே அண்ணமும் நடுவால் பிளந்திருப்பது தெரிந்தது. தாதி பிள்ளையைத் துவாயால் சுற்றி, முகத்தையும் பாதி மூடித்தான் என் கையில் தந்தார். நான் துவாயை விலக்கிப் பார்த்தேன்.

பார்க்க வந்தவர்கள் பிள்ளையைப் பார்த்ததைவிட என் மனைவி நேசத்தைத்தான் விசாரித்தார்கள்.

“வயித்தில பிள்ளையோட கிரகணத்தண்டு கத்தி கித்தி பிடிச்சனியோ பிள்ளை?” என்று அடுத்த வளவுப் பூமணியக்கா கேட்டார்.

“கத்தி பிடிக்காத நாளெண்டு எனக்கு ஒண்டுமில்லை அக்கா. இவருக்குச் சமைச்சுப் போடுறது ஆர்?” என்றாள் நேசம். பூமணியக்கா போனபிறகு குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

குடாவுக்கு அக்கரையிலிருந்த பட்டணத்து டொக்டர் விடயத்தைத் தெளிவாகத்தான் சொன்னார். அண்ணம் பிளந்த பிள்ளைக்குத் தாயின் முலையைச் சூப்பி இழுக்க ஏலாது. பாலைப் பீச்சியெடுத்துக் கரண்டியால் பருக்க வேண்டும். பிள்ளை பத்து இறாத்தல் வந்தால் கொழும்பில் உதட்டைத் தைப்பார்கள், பிறகு வளர்ந்ததும் அண்ணத்தை. பிள்ளையை எப்படிப் பிடித்துக்கொண்டு பருக்குவது என்று அவர் சொல்லவுமில்லை, நாங்கள் கேட்கவுமில்லை. பிள்ளைக்குப் பால் பருக்குவது எப்படி என்று எந்த வீட்டில் கேட்பார்கள்?

எங்கள் வீட்டில் அது நேசத்தின் தமக்கை ஞானத்தின் வேலை. பிள்ளைப்பேறு பார்க்க நிலாவெளியிலிருந்து வந்திருந்தார். நிலத்தில் கால் இரண்டையும் நீட்டி உட்கார்ந்து, பிள்ளையை அந்தக் கால்களின்மேல் மல்லாக்கக் கிடத்தி, கன்னத்தை அமுக்கிப் பாலை ஊற்றுவார். இந்தக் கரையோரத்தில் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் வளர்ந்தோம்.

“என்ர பிள்ளையள் எல்லாம் இந்தக் காலில கிடந்து வளர்ந்ததுகள்தான் தம்பி. நீங்கள் பயந்து பயந்து பிள்ளையையும் பயப்பிடுத்தாதேங்கோ” என்பார்.

பால் உள்ளே போகும். இரண்டு கரண்டிக்குள் பிள்ளை விக்கும், இருமும், மூக்கால் பால் கொப்பளிக்கும். துடைத்துவிட்டு மறுபடி தொடங்குவார்கள். ஒரு நேரப் பால் கொடுத்து முடிக்க அடுத்த நேரம் வந்துவிடும். பிள்ளையின் நிறை ஏறவில்லை, இறங்கியது. நிறுத்துப் பார்க்கும்போது தராசின் முள்ளை நேசம் பார்க்க மாட்டாள், என் முகத்தைப் பார்ப்பாள்.

நான் ஜெபித்தேன். அரசாங்கக் கடிதம் எழுதிப் பழகியவன் ஜெபிப்பதும் அப்படித்தான் இருக்கும். விளிப்பு, விடயம், முந்திய விண்ணப்பம் பற்றிய குறிப்பு, பணிவான வேண்டுகோள். காலையும் மாலையும் நினைவூட்டல். வெள்ளிக்கிழமைகளில் உபவாசம். எதுவும் விட்டுப்போகக் கூடாதென்று, என்ன நோய், எந்த ஆஸ்பத்திரி, எந்த டொக்டர் என்பதையெல்லாம் ஆண்டவருக்கு விபரமாக எடுத்துச் சொன்னேன். பதில் வரவில்லை. கந்தோரில் பதில் வராவிட்டால் கடிதம் யாரோ ஒருவரின் மேசையில் கிடக்கிறதென்று அர்த்தம். பரலோகத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை. அந்த நாட்களில் எனக்கிருந்த பெரிய பயம் அதுதான்.

மார்கழி மாதம் ஒரு காலை, பால் பருக்கிக்கொண்டிருந்தபோது பிள்ளை இருமவில்லை. அழவுமில்லை. முகம் நீலமாகிக்கொண்டு வந்தது. கண் மேலே போனது.

“அக்கா! அக்கா!” என்று நேசம் கத்தினாள்.

ஞானம் மச்சாள் பிள்ளையைக் கவிழ்த்துப் பிடித்து முதுகில் தட்டினார். நான் நின்றேன். கந்தோரில் எல்லாவற்றுக்கும் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லத் தெரிந்த நான், கையில் தண்ணீர்ச் செம்போடு நின்றேன். அது எதற்கு என்று இன்றுவரை தெரியாது. பிறகு பிள்ளை ஒருமுறை இழுத்து மூச்செடுத்தாள். பூனைக்குட்டி மாதிரி அழுதாள்.

அதன்பின் பால் கொடுக்க யாருக்கும் துணிவில்லை. கொடுத்தால் சாவாள். கொடுக்காவிட்டாலும் சாவாள். பட்டணத்துக்குக் கொண்டுபோவதென்று முடிவெடுத்தோம். பீச்சிய பாலை ஒரு போத்தலில் எடுத்துக்கொண்டு நேசமும் நானும் குடாவைக் கடக்கும் லோஞ்சுப் படகுக்கு ஓடினோம்.

வாடைக்காற்று அடிக்கிற காலத்தில் கொட்டியாரக் குடாவைக் கடப்பது நல்ல நாளிலேயே சுகமில்லை. அன்று லோஞ்சில் கால் வைக்க இடமில்லை. இத்தனை பேர்தான் ஏறலாமென்று பலகையில் பெயின்றால் எழுதியிருந்தது. அந்தப் பலகையிலேயே ஒருவர் சாய்ந்து நின்றார்.

“கிளாக்கர் ஐயா, இண்டைக்கும் ஆள் எண்ணுறீங்களோ? எண்ணினா ஒங்களத்தான் முதல்ல இறக்கணும்” என்றான் லோஞ்சோட்டி. சனம் சிரித்தது. வேறொரு நாளென்றால் அவனைப் பற்றி மேலிடத்துக்கு எழுதியிருப்பேன். அன்று வாயைப் பொத்திக்கொண்டு ஏறினேன்.

நேசத்துக்கு ஒரு முழ இடம் கிடைத்தது. எதிரே தயிர்ச்சட்டிகளை அடுக்கிக்கொண்டு ஒரு மூதூர் முஸ்லிம் உம்மா இருந்தார். முழங்காலோடு முழங்கால் இடித்தது. நேசம் வழக்கம்போலப் பிள்ளையைக் கிடத்தக் காலை நீட்டப் பார்த்தாள்.

“ஏன் புள்ள, என்ட சட்டிய ஒதைக்கப் போறியா? காலை மடக்கு. புள்ளைய நெஞ்சோட நிமித்தி வெச்சிக்க, தண்ணி மூஞ்சில அடிக்குதில்ல?” என்றார் அந்த உம்மா. பிள்ளையின் வாயை அவர் அப்போது கவனிக்கவில்லை. அவருடைய கவலை தயிரும் கடல் தண்ணீரும்தான்.

நேசம் பிள்ளையை நிமிர்த்தித் தன் நெஞ்சோடு சாய்த்து உட்கார வைத்தாள். நடுக்குடாவில் லோஞ்சு ஏறி விழத் தொடங்கியது. பிள்ளை அழுதுகொண்டிருந்தாள். பிறகு அந்த அழுகை சிறுத்தது. சத்தம் போய் வாய் மட்டும் திறந்து மூடியது.

“இஞ்சாருங்கோ, நான் குடுக்கப்போறன்” என்றாள் நேசம்.

“வேண்டாம். கரைக்குப் போவம். டொக்டருக்கு முன்னால...”

“கரைக்குப் போகுமட்டும் இவள் இருப்பாளோ?”

அவள் போத்தலைத் திறந்தாள். கரண்டியில் பால் எடுத்தாள். ஜெபிக்கப் பார்த்தேன். விளிப்பு வரவில்லை. வேண்டுகோள் வரவில்லை. வேதவசனம் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. “ஆண்டவரே, ஏலாது” என்றேன். அவ்வளவுதான். என் வாழ்க்கையில் நான் செய்த மிகச் சின்ன ஜெபம் அது. சத்தமாகவே சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் அந்த உம்மா நிமிர்ந்து பார்த்தார். பிள்ளையின் வாயையும் அப்போதுதான் கண்டார். “அல்லாவே” என்று தன் முக்காட்டை இழுத்துப் பிள்ளைமேல் காற்றுப் படாமல் மறைத்துப் பிடித்தார்.

முதல் கரண்டி போனது. நான் மூக்கைப் பார்த்தேன். ஒன்றுமில்லை. இரண்டாவது. தொண்டை அசைந்தது. அவள் விழுங்குகிறாள் என்று கண்ணுக்குத் தெரிந்தது. மூன்றாவது கரண்டியோடு மூக்கின் கீழே ஒரு துளி நின்றது.

“நிப்பாட்டு!” என்றேன்.

நேசம் கரண்டியைப் பின்னால் இழுத்தாள். நான் அந்தத் துளியை விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. கடல் தண்ணீர்.

“பால் இல்லை நேசம். கடல். குடு, குடு” என்றேன்.

போத்தலில் இருந்ததில் பாதிக்குமேல் குடித்தாள். விக்கவில்லை. மூக்கால் வரவில்லை. பிள்ளை தாயின் நெஞ்சில் சாய்ந்தபடியே தூங்கிப்போனாள். தூங்குகிறாளா, வேறா என்று நானும் நேசமும் அந்த உம்மாவும் மாறிமாறி மூச்சுக்குக் கை வைத்துப் பார்த்துக்கொண்டே இறங்குதுறைக்கு வந்து சேர்ந்தோம்.

டொக்டர் நடந்ததைக் கேட்டார். “எப்படிப் பிடிச்சுக் குடுத்தனீங்கள்?” என்றார். நேசம் உட்கார்ந்து காட்டினாள். “வீட்டில எப்படி?” அதையும் காட்டினாள். அண்ணத்தில் ஓட்டை இருக்கிற பிள்ளையை மல்லாக்கக் கிடத்தினால் பால் மூக்குக்குள்ளும் மூச்சுக்குழாய்க்குள்ளும்தான் ஓடும், நிமிர்த்தி வைத்தால் தொண்டைக்குள் இறங்கும் என்றார். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும், அவள் விழுங்கும்வரை காத்திருக்க வேண்டும், இடையிடையே முதுகைத் தடவி ஏப்பம் விட வைக்க வேண்டும், குடித்த பிறகும் உடனே கிடத்தக்கூடாது. சுவாசத்தில் சளி கட்டியிருந்ததால் சில நாள் ஆஸ்பத்திரி வாட்டிலேயே வைத்திருந்தார்கள். ஒவ்வொரு நேரப் பாலையும் நேசம் தாதிக்கு முன்னால் கொடுத்துப் பழகினாள்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது ஞானம் மச்சாள் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். “அப்ப இவ்வளவு நாளும் நான்தான் பிள்ளையை மூழ்கடிச்சனானோ?” என்றார். நேசம் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு, “அண்டைக்கு நீங்கள் கவிட்டுப் பிடிக்காட்டி எனக்குப் பிள்ளையே இல்லை அக்கா” என்றாள். அன்று மாலைப் பாலை நிமிர்த்திப் பிடித்துக் கொடுத்தவர் மச்சாள்தான். நாங்கள் இருவரும் பிள்ளையின் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சாட்சி சொன்னால் அது பொய்ச்சாட்சி. பிள்ளை இருமும்போதெல்லாம் எங்கள் உயிர் போய் வந்தது. காய்ச்சல் வந்தால் தராசு முள் திரும்ப இறங்கும். ஆனாலும் பங்குனியில் அவள் பத்து இறாத்தல் வந்தாள். கொழும்பில் உதட்டைத் தைத்தார்கள். பிறகு நடக்கத் தொடங்கியபின் அண்ணத்தை மூடினார்கள். மயக்கம் கொடுக்க உள்ளே கொண்டுபோகும்போது அந்த இரண்டு தரமும் என்னிடம் “ஏலாது” என்ற அந்த ஒரு சொல்தான் இருந்தது.

அதற்குப் பின்னும் ஒரு பயம் மிச்சமிருந்தது. அவளுக்குப் பேச்சு வந்தபோது அது வாயால் வரவில்லை, மூக்கால் வந்தது. துறைமுகத்தில் கப்பலைக் காட்டினால் “ஙம்மல்” என்பாள். பள்ளிக்கூடம் போனால் சிரிப்பார்கள் என்று நேசம் அவளை வீட்டிலேயே வைத்திருக்க நினைத்தாள். கொழும்பில் வாய்ப்பேச்சுப் பழக்கத் தெரிந்த ஓர் அம்மையார் வழி காட்டினார். மூக்கின்கீழே சின்னக் கண்ணாடியைப் பிடிக்க வேண்டும். ப, த, க என்று சொல்லும்போது கண்ணாடி மூச்சால் மங்கினால் காற்று மூக்கால் போகிறது. கண்ணாடி மங்காமல் சொல்லும்வரை பழக்க வேண்டும். மேசையில் கோழி இறகை வைத்து வாயால் ஊதவும் சொன்னார். மாலை ஜெபம் முடிந்ததும் நாங்கள் மூன்று பேரும் மேசையைச் சுற்றிக் கதிரைகளில் இருந்து ஊதுவோம். அரசாங்க உத்தியோகத்தன் ஒருவன் கோழி இறகு ஊதுவதைப் பார்க்கவென்றே பூமணியக்கா வேலியடிக்கு வருவார். “கிளாக்கர் தம்பி, உங்கட இறகு என்ர குசினிவரைக்கும் பறக்குது” என்பார். பிறகு அவரே தன் கோழிகளின் இறகுகளைப் பொறுக்கிக் கொண்டுவந்து தரத் தொடங்கினார்.

இப்போது நான் ஓய்வு பெற்றுவிட்டேன். எங்கள் சபையில் போன ஞாயிறு வேதபாடம் வாசித்தது அருள்மலர்தான். குரலில் இன்னும் கொஞ்சம் மூக்கு இருக்கிறது. பின்வரிசை வாங்கில் இரண்டு பொடியள் சிரித்தார்கள். அவள் வாசிப்பை நிறுத்தி, அவர்களைப் பார்த்து, விட்ட வரியிலிருந்து மறுபடி தொடங்கினாள். முழு அதிகாரத்தையும் வாசித்து முடித்தாள்.

பயம் எனக்கு முழுதாகப் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. அவள் தேத்தண்ணி குடிக்கும்போது என் கண் இன்றும் அவள் மூக்குக்குத்தான் போகும். “அப்பா, என்னைப் பாத்துக்கொண்டிருக்கிறீங்கள், உங்கட தேத்தண்ணி ஆறுது” என்பாள். பார்ப்பதை நிறுத்துகிறேன். நன்றி சொல்கிறேன். குடிக்கிறேன்.

சபையாரே, உங்களில் யாராவது இன்று பிள்ளையின் மூச்சுக்குக் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால், உங்களுக்கே இதைச் சொல்கிறேன். பயம் போனபிறகு ஆண்டவரை நம்பலாம் என்று காத்திருக்காதீர்கள். நான் நம்பி ஏறவில்லை, நடுங்கிக்கொண்டு ஏறினேன். நல்ல வசனம் தேடி நிற்காதீர்கள். அவர் எந்த வழியால் பதில் தருவார் என்று தீர்மானித்தும் வைக்காதீர்கள். நான் பரலோகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் ஒரு தயிர்ச்சட்டியை என் மனைவியின் காலுக்குக் குறுக்கே வைத்தார். என் பிள்ளை பிழைத்தாள். அவருக்கே தோத்திரம்.