வெறுங்கையோடு கரையேறிய சவரியப்பன்

நைனார்பாளையத்தைச் சுற்றி யார் கிணற்றில் எது விழுந்தாலும் சவரியப்பனுக்குத்தான் ஆள் வரும். குடமோ மோட்டாரோ, மூச்சை அடக்கி முங்கித் துழாவி எடுத்துவிடுவார். முப்பது வருடப் பழக்கம். தண்ணீர் நிறைந்த பழைய கல்குவாரியில் சனி, ஞாயிறு சிலிண்டர் மாட்டி முங்கும் ஸ்கூபா சொல்லித்தருகிறார்கள் என்றதும், "நமக்கு இன்னாத்த சொல்லித்தரப் போறாங்க?" என்று சொல்லிக்கொண்டேதான் பேர் கொடுத்தார்.

சனிக்கிழமை அவர்தான் வகுப்பிலேயே மக்கு. முதுகில் சிலிண்டர் இருந்தும், வாயில் குழாய் இருந்தும், தலை முங்கியதுமே பழக்க தோஷத்தில் மூச்சு நின்றுவிடும். பயிற்சியாளர் ராதிகா தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

"அண்ணா, மூச்ச அடக்கிக்கினு மேல வந்தீங்கன்னா நுரையீரலே கிழிஞ்சிடும். விட்டுக்கினே இருங்க."

"அடக்காம எப்டிம்மா முங்கறது?" என்று எரிந்து விழுந்தார் சவரியப்பன்.

அவரைச் சாயங்காலம் வரை இடுப்பளவு தண்ணீரில் உட்கார வைத்து, தலையை முக்கி மூச்சுவிட மட்டுமே பழக்கினாள் ராதிகா.

ஞாயிறு காலை முப்பதடி ஆழத்தில் அவருடைய குமிழிகள் சீராக மேலே போயின. அவசரம் இல்லை. பாறையில் வெடிக்குழி போட்ட தடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கெண்டைக் குஞ்சுகள் முகக்கண்ணாடி வரை வந்து அவரைப் பார்த்தன.

கரையேறியபோது, வேடிக்கை பார்க்க வந்திருந்த பக்கத்து வீட்டு ராமசாமி அவர் கைகளைத்தான் முதலில் பார்த்தார்.

"இன்னாப்பா, அரமணி நேரம் உள்ள இருந்த. ஒண்ணுமே கெடைக்கலியா?"

"தேடவே இல்லப்பா," என்றார் சவரியப்பன். "இன்னிக்குத்தான் தண்ணிக்குள்ள கண்ணத் தொறந்து பாத்துக்கினு இருந்தேன்."