என் தங்கை எழுதிய ஒன்றரைப் பக்கம்

என் தங்கை ஒரு பெரிய மருத்துவமனையில் சலவைப் பிரிவின் மேற்பார்வையாளர். அவளையும் சேர்த்து அங்கே பதினொரு பேர். படுக்கை விரிப்பு, நோயாளிகளின் அங்கி, அறுவை சிகிச்சை அரங்கின் பச்சைத் துணி எல்லாம் அடித்தளத்தில் அவர்கள் கையால் வெளுத்து, காய்ந்து, மடிந்துதான் மாடிக்குப் போகும். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். தையல் கடை வைத்திருக்கிறேன்.

போன வருடம் நிர்வாகம் சலவையை வெளி நிறுவனம் ஒன்றுக்குக் கொடுத்துவிட யோசித்தது. "மாற்று யோசனை இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் கொடுங்கள்" என்றார் நிர்வாக அதிகாரி. இல்லாவிட்டால் பதினொரு பேருக்கும் வேலை போய்விடும்.

திங்கட்கிழமை மாலை தங்கை ஆறு பக்கம் எழுதிக்கொண்டு கடைக்கு வந்தாள். இருபது வருட உழைப்பு, முதுகுவலி, பிள்ளைகளின் படிப்பு என்று போய், கடைசியில் "தாங்கள் மனமிரங்கி" என்று முடிந்தது. நான் படிக்கும்போது அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டாம் பக்கத்துலயே கத்திரிக்கோலத் தேட ஆரம்பிச்சிட்டியேக்கா."

"துணி காத்துக்கிட்டு இருக்குடி. ஆனா படிக்கப் படிக்க அழுகையா வந்துச்சு."

"அழுகைய வச்சு என்ன பண்றது? நாங்க என்ன கேக்கறோம்னு புரிஞ்சுதா?"

புரியவில்லை. அதை அவளிடம் சொன்னேன். ஆறு பக்கத்தையும் மடித்துப் பைக்குள் திணித்துக்கொண்டு போனாள்.

மறுநாள் அறுவை அரங்குக்குப் போய், அங்கிருந்த செவிலியரிடம் தொலைபேசிப் பதிவேட்டைக் கேட்டு வாங்கினாள். அவசரமாகத் துணி வேண்டும் என்று போன மாதம் எத்தனை முறை கூப்பிட்டார்கள் என்று எண்ணினாள். அறுபத்து மூன்று முறை. ஒவ்வொரு முறையும் கால் மணி நேரத்துக்குள் துணி போயிருந்தது. வெளி நிறுவனத்தின் வண்டியோ ஒரு நாளைக்கு இரண்டே தடவைதான் வரும். படிக்கப்போகும் அதிகாரிக்கு வேண்டியது இதுதான் என்று அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. "சலவை உள்ளேயே இருந்தால் அறுவை அரங்கு துணிக்காகக் காத்திருக்காது" என்று முதல் வரி. "ஆறு மாதம் கொடுத்துப் பாருங்கள்" என்று இரண்டாம் வரி. மூன்று உலர்த்தும் இயந்திரங்களில் ஒன்று நான்கு முறை நின்றுபோனதையும் மறைக்காமல் எழுதினாள்.

அந்த இயந்திரத்தை ஓட்டுபவரை எல்லோரும் 'சோப்பு' என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, நம்ம வண்டவாளத்த நாமளே எழுதிக் குடுக்கணுமா?"

"நாம சொல்லலேன்னா அவரே கண்டுபிடிப்பாரு. அப்புறம் மத்ததையும் நம்ப மாட்டாரு. நின்னப்ப என்ன செஞ்சோம்னு அடுத்த வரியிலயே இருக்கு, படிண்ணே."

அந்த நாட்களில் மற்ற இரண்டு இயந்திரங்களையும் ஒரு மணி நேரம் முன்னதாகவே ஓட்டிச் சமாளித்ததை எழுதியிருந்தாள்.

"என்னைய விடியக்காலையில எழுப்பி இழுத்துட்டு வந்தியே, அத எழுதலியா?"

"எழுதினா உனக்குச் சம்பளம் ஏத்திருவாங்கன்னு பயம்ணே."

வியாழக்கிழமை ஒன்றரைப் பக்கத்தைக் கொண்டுவந்தாள். தலை நிமிராமல் படித்தேன். ஒன்றே ஒன்றுதான் இடித்தது. முதல் பத்தியில் அறுபத்து மூன்று. கீழே நாள்வாரியாகப் போட்டிருந்த பட்டியலை மூன்று முறை கூட்டினேன், அறுபத்து ஒன்றுதான் வந்தது. "ரெண்டுதானே" என்று அவள் விட்டுவிடவில்லை. திரும்ப ஓடிப் பதிவேட்டைப் பார்த்தாள். இரண்டு அழைப்புகள் துணிக்கு அல்ல, சக்கர நாற்காலி கேட்டுப் போனவை. எண்ணைத் திருத்தினாள்.

வெள்ளிக்கிழமை அதிகாரி படித்துவிட்டுப் பதிவேட்டை வரவழைத்து, பேனா முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாராம். பத்து நிமிடம் அவள் எதிரே நின்றிருக்கிறாள். வெளியே வந்ததும் எனக்குத்தான் முதல் அழைப்பு.

"அக்கா, சரின்னுட்டாரு! ஆறு மாசம். மாசாமாசம் இதே மாதிரி எண்ணித் தரச் சொல்லியிருக்காரு."

"ஆறு மாசம்தானா?"

"கேட்டதே ஆறு மாசம்தானேக்கா! அதுக்கு மேல வேணும்னா நாங்க வேலைதான் செஞ்சு காட்டணும்."

செய்து காட்டினார்கள். இது ஒன்பதாம் மாதம். பதினொரு பேரும் அங்கேயேதான் இருக்கிறார்கள்.