சுலுவான வழி

எங்கள் நைனா தெலுங்கு பேசுவதில்லை என்று சபதம் எடுத்துக்கொண்ட வருஷம், அம்மாவுக்கு வேலை இரட்டிப்பானது. நகரியில் தறி வைத்துக்கொண்டு தெலுங்கு பேசாமல் காலம் தள்ள முடியுமா? நூல் விற்பவர் தெலுங்கு, சாயம் போடுபவர் தெலுங்கு, வாடகை வண்டியில் பூட்டிய மாட்டுக்கே தெலுங்கில் அதட்டினால்தான் உறைக்கும். நைனா தமிழில் கேட்பார், அவர்கள் தெலுங்கில் பதில் சொல்வார்கள், நடுவில் அம்மா நின்று பேரத்தை முடித்துவைப்பாள். ஆந்திரா தனியாகப் பிரிந்து, எல்லை இழுபறியாக இருந்த சமயம் அது; நகரி மெட்ராஸோடு சேரும்வரை இப்படித்தான் என்று நைனா தீர்மானமாகச் சொல்லிவிட்டார்.

இதில் மாட்டிக்கொண்டு முழித்தவள் அத்தை. நைனாவின் ஒரே தங்கை, புத்தூரில் வாழ்க்கைப்பட்டவள். அவள் புருஷன், எங்கள் மாமா, வீட்டில் தமிழ் பேசுகிறவர்தான். ஆனால் புத்தூரில் மளிகைக்கடை வைத்திருந்ததால் ஆந்திராவோடு இருப்பதே நல்லது என்று கட்சி கட்டுவார். ஒரு கல்யாணப் பந்தியில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ரசம் வருவதற்குள் எல்லையைப் பிரிக்க ஆரம்பித்தவர்கள், மோர் வரும்போது உறவையே பிரித்துவிட்டார்கள். எல்லை முடிவாகாமல் அந்த வாசலை மிதிக்கமாட்டேன் என்றார் நைனா. அண்ணன்காரன் வந்து கூப்பிடாத வீட்டுக்குப் பெண்டாட்டியை அனுப்பமாட்டேன் என்றார் மாமா. அத்தை எங்கள் வீட்டுக்கு வருவது அன்றோடு நின்றது. எனக்கு அவள்மேல் உயிர். அவள் இல்லாமல் பண்டிகைகூடப் பண்டிகையாக இல்லை.

புத்தூருக்கும் நகரிக்கும் போய்வரும் வளையல்காரம்மா ஒருநாள் வந்து அம்மாவிடம் வெகுநேரம் குசுகுசுத்தாள். அவள் போனபிறகு பார்த்தால் அம்மா ஒரு கொத்துப் பச்சை வளையல் வாங்கி வைத்திருந்தாள். அது அவள் கைக்கு ஏறாது. என் கையில் நிற்காது. யாருக்கு என்று கேட்டேன். சும்மா கிட என்றாள்.

அன்று சாப்பிடும்போதுதான் கைலாசகோனாவுக்குப் போகும் பேச்சு எழுந்தது. மலையடியில் ஒரு சிவன் கோயில், பக்கத்திலேயே அருவி. காலையில் போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு, பாறையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடலாம் என்றாள் அம்மா. நைனாவுக்குக் குஷி பிறந்துவிட்டது. மேலேயே ஏறி உச்சியைப் பார்த்துவிட்டு வரலாம் என்று தட்டிலேயே சோற்றைக் குவித்து மலை செய்து, விரலால் வழி போட்டார். அம்மா அந்த மலையில் குழம்பை ஊற்றிக் கரைத்தாள்.

"சுலுவான வழின்னாத்தான் கிளம்பறது. ஏத்தம் கூடாது, மூச்சு வாங்கக் கூடாது, வழியில நிழல் இருக்கணும்."

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வீட்டில் சின்னக் கால் என்னுடையது மட்டும்தான். என்னை நடக்கத் தெரியாதவள் என்று ஊரறியச் சொல்வதுபோல் இருந்தது. அதன்பின் ஒரு வாரம், போகிற வருகிறவர்களிடமெல்லாம் அம்மா சுலுவான வழி எது என்று விசாரித்துக்கொண்டே இருந்தாள். விசாரிக்க விசாரிக்க எனக்கு எரிந்தது. கிளம்பும் நாளில் கூடை நிறையப் புளிச்சோறு, தயிர்ச்சோறு, உப்பு மிளகாய் தடவிய மாங்காய்த் துண்டுகள் என்று ஒரு கல்யாணத்துக்கே கட்டினாள். மூன்று பேருக்கு எதற்கு இத்தனை என்று நைனாகூடக் கேட்டார். கூடையின் அடியில் பச்சை வளையல் இருந்தது எனக்குத் தெரியும்.

மலையடியில் வண்டியை நிறுத்திவிட்டு நடந்தோம். நைனாவும் நானும் முன்னால், அம்மா கூடையோடு பின்னால். பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில் ஒரு பெண்மணி புல் அறுத்துக்கொண்டிருந்தாள். கோயிலுக்கு எப்படிப் போவது என்று நைனா தமிழில் கேட்டார். அவள் அரிவாளை நீட்டி, "ஏரு சாமி, ஏரு" என்றாள்.

தெலுங்கில் ஏரு என்றால் ஓடை. ஓடையை ஒட்டியே போங்கள் என்று அவள் சொன்னாள். அது நைனாவுக்குத் தெரியாதா? தூக்கத்தில்கூடத் தெலுங்கு பேசுகிறவர். ஆனால் வாய்க்குப் போட்ட பூட்டு அன்றைக்குக் காதையும் சேர்த்துப் பூட்டியிருந்தது. ஏறு என்கிறாள் என்று செங்குத்தான தடத்தில் ஏறத் தொடங்கிவிட்டார். பின்னால் அம்மா கத்தியதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என் காலின் பெருமையைக் காட்ட இதைவிட்டால் சமயம் வராது. முள் கிழித்தது, நாக்கு வறண்டது, கோயிலைக் காணோம். ஒரு பாறைமேல் நின்று கீழே பார்த்தால், ஓடைக்கரை நிழலில் அம்மா கூடையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அத்தை. கொஞ்சம் தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு மாமா.

நைனா அசையாமல் நின்றார். திரும்பிப் போய்விடுவாரோ என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. "தண்ணி வேணும் நைனா" என்றேன். தண்ணீர் கீழேதான் இருந்தது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றவரை, நடந்ததை அம்மாவிடம் கேட்டிருந்த மாமா ஏற இறங்கப் பார்த்தார். சொம்பில் தண்ணீர் மொண்டு நீட்டினார்.

"எங்க மச்சான் ஏறிக்கினு போனீங்க? அந்தம்மா சொன்னது ஏரு."

நைனா ஒரே மூச்சில் குடித்தார். சொம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது, அத்தனை மாதத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து தெலுங்கு வந்தது.

"நாகு அர்த்தம் காலேது பாவா."

எனக்குப் புரியவில்லை மாப்பிள்ளை என்று அர்த்தம். மாமாதான் முதலில் சிரித்தார். அப்புறம் நைனா. அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அம்மா பச்சை வளையலை எடுத்து அத்தையின் கையில் ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள். எனக்கு ஒன்றுகூட இல்லையே என்று நான் மூக்கைச் சிந்தினேன். மாங்காய்த் துண்டு முழுவதையும் அத்தையே தின்று தீர்த்தாள். அதற்கும் அம்மா அவளைத்தான் தட்டிக்கொடுத்தாள்.

பின்னால் எல்லை முடிவானபோது திருத்தணி மெட்ராஸ் பக்கம் போனது, நகரி ஆந்திராவிலேயே நின்றது. நைனா அரைநாள் தறியில் உட்காராமல் இருந்தார், அவ்வளவுதான். எனக்கு நினைவில் நிற்பது அன்று சாயங்காலம். நைனா தன் வாயால் கூப்பிட, மாமா தலையாட்ட, அத்தை எங்கள் வண்டியில் ஏறிவிட்டாள். அம்மா அவளுக்காக வைக்கோலை மெத்தையாகப் பரப்பினாள், வண்டியை மெதுவாக ஓட்டச் சொன்னாள். அத்தை இந்த ஒரு வருஷத்தில் நன்றாகப் பெருத்திருந்தாள், அதனால்தான் வண்டி மெதுவாகப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நான் மலையே ஏறினேன், நீ ஓடையோரமாக வந்துவிட்டாயே என்று அவளிடம் பீற்றிக்கொண்டேன். அவள் என் தலையை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள்.

"ஆமாண்டி கண்ணு. நாங்க ரெண்டு பேரும் சுலுவா வந்துட்டோம்."

ரெண்டு பேர் என்றால் அவளும் மாமாவும் என்றுதான் நான் நினைத்தேன்.