சேவி ஆட்டி எடுத்த ஆறு

செய்தி சேவியின் போனிலிருந்தே வந்தது: "சேவி போயிட்டான்." இந்த மாதிரி விளையாட்டுக்கு நம் கூட்டத்தில் பஞ்சமில்லை என்பது உங்களுக்கே தெரியும். "ரிட்டர்ன் எப்போ?" என்று பதில் போட்டேன். உடனே அழைப்பு வந்தது. அவன் அக்கா பேசவில்லை, அழுதாள். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தவன் திரும்பவில்லை.

நம்மோடு பன்னிரண்டாவது படித்த சேவியரை எல்லோருக்கும் தெரியும். அவன் போனில் எடுத்த படங்களைத்தான் யாரும் ஒழுங்காகப் பார்த்ததில்லை. எண்ணூர் முகத்துவாரத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போவான். அலையாத்திச் செடிகளுக்கு நடுவே, முட்டிவரை சேற்றில் நின்று, போனை வேண்டுமென்றே ஆட்டி ஆட்டி எடுப்பான். பச்சை, சாம்பல், கிழிந்த மாதிரி ஒரு வெளிச்சம்.

"இன்னாடா இது, போன் வாந்தி எடுத்தா மாரி கீது?" என்று கேட்பேன்.

"அசையாம நிக்கிறதுக்கு ஆறு இன்னா பாஸ்போர்ட் போட்டோவுக்கா வந்துகீது? இங்க நின்னா வயித்துல ஒண்ணு பெரளுது பாரு மச்சான், அதத்தான் எடுக்கிறேன்."

அவன் அப்பா விசைப்படகில் போகிறவர். "தண்ணிய நான் டெய்லி பாத்துகினு கீறேன். இதுல இன்னா கீது?" என்று போனைத் திருப்பித் தந்துவிடுவார். சேவி சிரிப்பான். மறுநாள் இன்னொரு படத்தோடு அவர் முன்னால் போய் நிற்பான். அப்பா ஒரு படத்தையாவது நின்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை.

அதனால்தான் கண்ணீர் அஞ்சலி பேனர் விஷயத்தில் நான் அடம்பிடித்தேன். பிளெக்ஸ் கடைக்காரர் சேவியின் முகத்துக்குப் பக்கத்தில் பனிமலையும் அன்னப்பறவையும் வைத்திருந்தார். நம் கல்மண்டபம் ஏரியாவில் யார் செத்தாலும் பனிமலைக்குத்தான் போகிறார்கள். அதை எடுத்துவிட்டுச் சேவியின் ஆற்றைப் போடச் சொன்னேன்.

"ஷேக் ஆயிகீது நைனா. என் கட பேரு கெட்டுடும்."

"அப்போ கட பேர எடுத்துடுங்கண்ணே, படத்த எடுக்காதீங்க."

பேனர் தெருமுனையில் ஏறியது. ஓரமாக முகம், மீதி முழுக்க ஆடும் தண்ணீர். அவன் அப்பா வந்து எதிரே நின்றார். நாங்கள் ஏணியைத் தூக்கிக்கொண்டு போன பிறகும் நின்றார்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து பேனரை அவிழ்த்தோம். நம் பக்கம் பழைய பேனரெல்லாம் கடைசியில் யார் வீட்டுக் கூரையிலோ ஒழுகலை அடைக்கப் போகும். சேவியின் அப்பாவோ வலை அறுக்கும் கத்தியால் அதை இரண்டாக அறுத்தார். முகத்தை என்னிடம் நீட்டினார்.

"அவன் மூஞ்சி எனக்கு மனப்பாடம்டா. இதான் இன்னும் புரில. பாத்தா தூக்கம் வர்ல. இது வூட்ல இருக்கட்டும்."

தண்ணீரைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

என்னிடம் இருப்பது சேவியின் முகம். எந்தச் சுவரில் மாட்டினாலும் அங்கே சரியாக இல்லை என்று கழற்றிவிடுகிறேன். வீடெல்லாம் ஆணி அடித்துக்கொண்டிருக்கிறேன். அம்மா திட்டுகிறாள்.