ஜவுளிக்கடையை அடித்தது யார்?

எங்கள் பக்கம் 'அடிப்பது' என்ற சொல்லைக் கேட்டு யாரும் பதற மாட்டார்கள். சிவகாசி அச்சகங்களில் லேபிள் அடிப்பார்கள், கல்யாணப் பத்திரிகை அடிப்பார்கள், காலண்டர் அடிப்பார்கள். அதிலும் 'காலண்டர்' என்று முழுசாகச் சொல்லி வாயைச் செலவழிக்கிற பழக்கம் கிடையாது. மதுரையில் இருக்கிற ஒரு நகைக்கடைக்குக் காலண்டர் அச்சிட்டு முடித்தால் "நகைக்கடை அடிச்சாச்சு" என்பார்கள், அவ்வளவுதான். "பேங்க எப்பம் அடிக்கப் போறீக?" என்று ஒரு மெஷின்மேன் இன்னொரு மெஷின்மேனை டீக்கடையில் சத்தமாகக் கேட்பார். அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் போலீஸ்காரர் நிம்மதியாக வடையைப் பிய்த்துக்கொண்டிருப்பார்.

இப்பேர்ப்பட்ட ஊரில் நான் ஒருவன்தான் உண்மையிலேயே கடைகளை அடித்துக்கொண்டிருந்தேன். துப்பாக்கியைக் காட்டி, கல்லாவைக் காலி செய்து, கார் திருடித் தப்பித்து, எல்லாம் முறைப்படி. ஆனால் கம்ப்யூட்டருக்குள்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. ஒரு ஆப்செட் அச்சகத்தில் டிசைனர் வேலை எனக்கு. அச்சகம் முழுக்க மை நாற்றமும் வேர்வையுமாக இருக்க, டிசைன் அறையில் மட்டும் ஏசி ஓடும். ஏசி எங்களுக்காகப் போட்டதில்லை, கம்ப்யூட்டர் சூடாகக் கூடாது என்பதற்காகப் போட்டது. கம்ப்யூட்டரின் தயவில் நாங்களும் குளிர்காய்ந்தோம், அதாவது குளிரில் காய்ந்தோம்.

அந்த அறைக்கு நான் வந்து சேர்ந்ததற்குப் பின்னால் அம்மாவின் பிடிவாதம் இருந்தது. அம்மா நாரணாபுரத்தில் பட்டாசு ஆபீஸில் சரம் பின்னினாள். ஆபீஸ் என்றதும் மேஜை நாற்காலி நினைவுக்கு வந்தால் நீங்கள் வெளியூர். பட்டாசு செய்கிற இடத்துக்கு எங்கள் ஊரில் அவ்வளவு மரியாதையான பெயர். அங்கே இருந்த போர்மேன் எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். ஒவ்வொரு தீபாவளி சீசனுக்கும், "ஒம்மகன அனுப்பு, மருந்து ரூம்ல ஒரு ஆளு கொறையுது" என்று கேட்பார். வெடிமருந்து கலக்கிற அந்த ரூமில் ஆள் ஏன் குறைந்தது என்று மட்டும் சொல்ல மாட்டார். "இந்த வீட்ல மருந்தத் தொட்டது என்னோட போதும்" என்பாள் அம்மா. கம்மலை அடகு வைத்து என்னை விருதுநகருக்கு அனுப்பி டிடிபி படிக்க வைத்தாள். அச்சக வேலை போனால் எனக்கு வேறு வேலை கிடையாது, மருந்து ரூம் ஒன்றுதான் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அறையில் எனக்குத் துணை ஓர் அண்ணாச்சி. விருதுநகரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். அவருடைய அப்பா மிளகாய் வத்தல் புரோக்கர். மதுரை பிளாட்பாரத்தில் அந்தக் கொள்ளையடிக்கிற கேம் சிடியை வாங்கிவந்து என் கம்ப்யூட்டரில் ஏற்றியவர் அவர்தான். தன்னுடைய கம்ப்யூட்டரில் ஏற்றவில்லை. அதை நான் அன்பு என்று நினைத்தேன்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு மெஷின் நிற்கும். டிபன் பாக்ஸைக் கழுவினோமோ இல்லையோ, தொழிலுக்குக் கிளம்பிவிடுவோம். அண்ணாச்சிக்குக் கொள்ளை என்பது வத்தல் யாவாரம் மாதிரி. கடைக்காரனிடம் துப்பாக்கியை நீட்டியதும் கொஞ்சம் பணம் தருவான். நீட்டியது நீட்டியபடியே நின்றால் இன்னும் தருவான். நின்றுகொண்டே இருந்தால் போலீஸ் வரும். "பேராசைப்படாத தம்பி. ரெண்டாவது தடவ குடுத்ததும் நடையக் கட்டிரு. மூணாவதுக்கு நின்னா ஆஸ்பத்திரிச் செலவுல அசலும் போயிரும்" என்பார். குண்டு வாங்கிய செலவைக் கழிப்பார், கார் திருடுவதால் பெட்ரோல் செலவு இல்லை என்பதைக் கூட்டுவார். ரொட்டிக்கடை சில்லறை, நகைக்கடை மொத்தம் என்று தரம் பிரிப்பார். ரகசிய எழுத்துகளைத் தட்டினால் பணம் தானாகக் கொட்டும் வழியும் அந்த கேமில் இருந்தது. அதை அவர் தொடவே மாட்டார். "அது பிச்ச எடுக்கிறது. ஒழச்சுக் கொள்ளையடிக்கணும்" என்று எனக்கு ஒழுக்கம் சொல்வார்.

எனக்கு மிகவும் பிடித்தது பெயிண்ட் கடை. எத்தனை போலீஸ் துரத்தினாலும் காரை அந்த ஷெட்டுக்குள் விட்டு வேறு கலர் அடித்து வெளியே வந்தால் போதும். அதே கார், அதே ஆள், அதே திருட்டு முழி. போலீஸ்காரர்கள் நம்மைப் பார்த்துவிட்டுச் சும்மா போய்விடுவார்கள். இதைவிட உண்மையான கேமை நான் பார்த்ததில்லை.

அந்த வருஷம் ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் போட்டு ஆர்டர்கள் வரத் தொடங்கியிருந்தன. ஒருநாள் நான் கை கழுவப் போனபோது, மாடிப்படிக்குக் கீழே அண்ணாச்சி செல்போனில் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார். "ஜவுளிக்கடை அடிச்சாச்சு. சத்தமில்லாம முடிச்சாச்சு" என்றார். எனக்கு வயிறு எரிந்தது. கேமில் ஒரு துணிக்கடை உண்டு. உள்ளே போகலாம், சட்டை மாற்றலாம். ஆனால் எத்தனை முறை துப்பாக்கியை நீட்டினாலும் அங்கே இருக்கிற பெண் அசையவே மாட்டாள். அதை அடிக்கிற வழி இவருக்குத் தெரிந்திருக்கிறது, யாரோ விருதுநகர் சிநேகிதனுக்குச் சொல்கிறார், எனக்குச் சொல்லவில்லை.

அன்றிலிருந்து அவரைப் பிடுங்கி எடுத்தேன். "அண்ணாச்சி, ஜவுளிக்கடைய எப்படி அடிச்சீக?" என்று அறை அதிரக் கேட்பேன். அவர் முகம் வெளுக்கும். "மெதுவாப் பேசு தம்பி, பெறகு சொல்றேன்" என்பார். கள்ளத்தனம் என்று நினைத்துக்கொண்டு நான் இன்னும் சத்தமாகக் கேட்பேன். "நகைக்கடைதான் நான் அடிச்சுட்டேனே. கலர மாத்தி அடிச்சுட்டா போலீஸ் கண்டுக்கிடாதுல்ல, பெறகு என்ன பயம்?"

எங்கள் அறைக்கும் மேனேஜர் அறைக்கும் நடுவில் ஒரு பிளைவுட் பலகைதான். ஏசி இரைச்சலில் என் குரல் 'ஜவுளிக்கடை', 'அடிச்சுட்டேனே', 'கலர மாத்தி', 'போலீஸ்' என்று துண்டு துண்டாகத்தான் அந்தப் பக்கம் கேட்டிருக்கிறது. வருஷா வருஷம் வருகிற மதுரை ஜவுளிக்கடை ஆர்டர் இந்த வருஷம் இன்னும் வரவில்லையே என்று அந்தப் பக்கம் மேனேஜர் தவித்துக்கொண்டிருந்தார். ஆர்டர் தருகிற பார்ட்டியை வேறு பிரஸ்ஸுக்குக் கைமாற்றிவிட்டுக் கமிஷன் வாங்குவதுதான் எங்கள் தொழிலில் பெரிய துரோகம். கொலையைக்கூட மன்னிப்பார்கள், ஆர்டர் கடத்துவதை மன்னிக்க மாட்டார்கள்.

முதலாளி என்னைக் கூப்பிட்டனுப்பினார். "கேம் வெளயாண்டதுக்காத்தான் இருக்கும். எல்லாத்தையும் ஒத்துக்க. திட்டிட்டு விட்டுருவாக" என்று அண்ணாச்சி தைரியம் சொல்லி அனுப்பினார். நானும் உத்தமனாகப் போய் நின்றேன். பக்கத்தில் மேனேஜர்.

"என்னலே, ஜவுளிக்கடைய அடிச்சுட்டியாமே?" என்றார் முதலாளி.

"இல்ல மொதலாளி. நகைக்கடை, ரொட்டிக்கடை, சலூன் மட்டுந்தான் அடிச்சேன்."

ஒன்றைக் கேட்டவர் மூன்று வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார். "இம்புட்டையுமா?"

"ஒவ்வொண்ணும் பல தடவ மொதலாளி."

"ரிப்பீட் ஆர்டர் வேற" என்று மேனேஜர் முனகினார்.

"எங்க வச்சு அடிச்ச?"

"நம்ம ரூம்லதான். மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல."

"எம்புட்டு அடிச்ச?"

பொய் சொல்லக் கூடாது என்று மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். "எல்லாஞ் சேத்து ஒரு லட்சம் வரும்."

ஒரு லட்சம் காலண்டர். மேனேஜர் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். "கலர மாத்தி அடிச்சா போலீஸ் கண்டுக்கிடாதுன்னு சொன்னியாமே?" என்று முதலாளி கேட்டார். அவர் குரல் இறங்கிவிட்டது. "ஆமா மொதலாளி, ஆனா அது திருட்டுக் காருக்குத்தான்" என்றேன். அவர் என்னைப் பார்க்காமல் மேனேஜரிடம் திரும்பினார். "கணக்க முடிச்சு அனுப்பிருங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. திட்டு வாங்க வந்தவனுக்கு வேலை போய்க்கொண்டிருந்தது. மருந்து ரூமின் வாசல் கண்ணுக்கு முன்னால் வந்தது. எனக்குச் சாகப் பயம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதுவிட்டேன். "மொதலாளி, நான் எதையும் பிரிண்ட் அடிக்கல. கொள்ளைதான் அடிச்சேன். வந்து பாருங்க."

டிசைன் அறையில் அன்று நின்ற கூட்டத்தை ஏசி தாங்கவில்லை. முதலாளி, மேனேஜர், மெஷின்மேன்கள், வாசலில் பைண்டிங் பிரிவுப் பெண்கள். கடைசியில் அண்ணாச்சி. நான் யோக்கியன் என்று நிரூபிக்க அத்தனை பேர் முன்னிலையில் ஒரு கடையைக் கொள்ளையடித்தாக வேண்டும். ரொட்டிக்கடைக்குள் போய்த் துப்பாக்கியை நீட்டுவதற்குப் பதில் பட்டனை மாற்றித் தட்டிக் கவுண்டரை எட்டி உதைத்தேன். போலீஸ் வந்து சுட்டது. ஆஸ்பத்திரி வாசலில் எழுந்தேன். "ஒரு ரொட்டிக்கடை அடிக்கத் துப்பில்லையே" என்று ஒரு பெண் பரிதாபப்பட்டாள்.

இரண்டாம் முறை நகைக்கடை. துப்பாக்கியை நீட்டினேன், கடைக்காரன் கையைத் தூக்கினான், பணம் ஏறியது. திரையின் ஓரத்தில் இருந்த தொகையை முதலாளி குனிந்து பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"ஏலே, கொள்ளையா அடிச்ச? இத மொதல்லயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதான. நான் ஆர்டரையில்ல அடிச்சுட்டன்னு நெனச்சேன்."

கூட்டம் சிரித்தது. எனக்கு உயிர் திரும்பியது. திரும்பிய வேகத்தில் வாய் சும்மா இருக்கவில்லை. "ஜவுளிக்கடையத்தான் எனக்கு அடிக்க வரல மொதலாளி. அண்ணாச்சிதான் அடிச்சாக. சத்தமில்லாம முடிச்சாச்சுன்னு போன்ல சொன்னத நானே கேட்டேன். நீங்களே காட்டுங்க அண்ணாச்சி" என்று எழுந்து அவருக்கு நாற்காலியை விட்டுக்கொடுத்தேன்.

யாரும் சிரிக்கவில்லை. அண்ணாச்சி நாற்காலியைப் பார்த்தார், உட்காரவில்லை. முதலாளி இப்போது திரையைப் பார்க்கவில்லை. பைண்டிங் பெண்களுக்குப் புரிந்துவிட்டது, மேனேஜருக்குப் புரிந்துவிட்டது. எல்லோருக்கும் புரிந்த பிறகு எனக்கும் புரிந்தது. கொள்ளையடிக்க எனக்கு ஒழுக்கம் சொன்ன மனிதர், அசல் ஜவுளிக்கடையின் அசல் காலண்டரை வேறொரு பிரஸ்ஸில் அடிக்க வைத்திருந்தார். என்னைத் தைரியம் சொல்லி அனுப்பியது எதற்காக என்பதும் புரிந்தது. அவர் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போகும்போது எனக்குக் கோபம்கூட உடனே வரவில்லை. சாயங்காலம் நான் வீட்டுக்குப் பஸ்ஸில் ஏறிய பிறகுதான் வந்தது.

முதலாளி என்னை வைத்துக்கொண்டார். அதற்கு அவர் சொன்ன காரணம் இது: "ஒரு லட்சம் அடிச்சும் ஒத்த ரூவா வீட்டுக்குக் கொண்டுபோகத் தெரியல. ஒன்னய நம்பலாம்." இதைவிடக் கேவலமான நற்சான்று எனக்கு யாரும் கொடுத்ததில்லை. கையெடுத்துக் கும்பிட்டு வாங்கிக்கொண்டேன். கேமை என் கையாலேயே அழிக்கச் சொன்னார். அழித்தேன்.

நாரணாபுரத்துக்கு எனக்கு முன்னாலேயே சேதி போய்விட்டிருந்தது. பைண்டிங் பெண்களில் ஒருத்தியின் அக்கா அம்மாவோடு வேலை பார்த்தாள். முதலாளி கணக்கை முடிக்கச் சொன்னதுவரை கேட்டுத் தங்கை போட்ட போனை நம்பி, உன் மகன் ஜவுளிக்கடையில் ஒரு லட்சம் அடித்துவிட்டான், வேலை போய்விட்டது என்று மத்தியானமே சொல்லியிருக்கிறாள். நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அடுப்பு பற்றவைக்காமல் கிடந்தது. அம்மா ஆபீஸ் சேலையைக்கூட மாற்றவில்லை.

"வேலை இருக்கா, போயிருச்சா?"

"இருக்கும்மா."

"நெசமா?"

"நெசமாம்மா. நான் களவு எதுவும் செய்யல. அது கேமு. கம்ப்யூட்டருக்குள்ள..."

அவள் அதைக் காதில் வாங்கவே இல்லை. "மத்தியானம் போர்மேன் வந்தாரு. வேலை போச்சாமே, திங்கக்கெளமையே மருந்து ரூமுக்கு அனுப்புன்னாரு. எம்மகன் களவாணியாவே இருந்துட்டுப் போகட்டும், அங்கன மட்டும் வரமாட்டான்னு சொல்லிட்டேன்" என்றாள்.

பிறகு எழுந்து, காலையிலிருந்து மருந்து அப்பியிருந்த கையைக் கழுவப் போனாள்.